உங்களுக்குத் தெரியுமா? வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் போதும்!

● இஸ்திரிப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 230 வோல்ட், 1000 வாட் என்று அச்சிட்டிருக்கும். ஆம்பியரும் ஓமும் பெரும்பாலும் இருக்காது, நாமே கண்டுபிடித்துக்கொள்ளலாம். 1000-ஐ 230-ஆல் வகுத்தால் 4.35. அத்தனை ஆம்பியர் அந்தப் பெட்டிக்குள் ஓடுகிறது. 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 53. உள்ளே இருக்கும் சுருளின் தடை அத்தனை ஓம். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட். நான்கில் எந்த இரண்டு தெரிந்தாலும் மீதி இரண்டும் தானே வந்துவிடும்.

● மும்பையில் இந்தக் கணக்கு மிக அதிகமாகத் தேவைப்படும் இடம் தாராவி. பத்துக்குப் பத்து அறை. கீழே குடும்பம், மாடியில் தையல் மிஷின்கள், நடுவில் தொங்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். காலை 6 மணிக்கு அதில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி, 1500 வாட் கெட்டில், வாளியில் தொங்கும் 1500 வாட் ஹீட்டர் ராடு மூன்றும் சேர்ந்தால் 4000 வாட். 230-ஆல் வகுத்தால் 17.4 ஆம்பியர். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தாங்குவது 6 ஆம்பியர். பாக்ஸின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் அது இருக்கிறது. வாங்கும்போது படிக்க வேண்டிய ஒரே எண் அதுதான்.

● கூடுதலாக ஒரு சாமானைச் செருகினால் மொத்தத் தடை கூடாது, குறையும்! இஸ்திரிப் பெட்டி மட்டும் இருந்தபோது 53 ஓம். கெட்டிலும் ராடும் சேர்ந்ததும் மூன்றுக்குமாக 13 ஓம்தான். கூட்டம் நெரியும் மண்டபத்தில் இன்னொரு வாசலைத் திறந்துவிட்டதைப் போல, ஒவ்வொரு சாமானும் கரண்டுக்கு இன்னொரு வழியைத் திறந்துவிடுகிறது. மொத்தக் கூட்டமும் வந்து சேரும் ஒரே பாதை அந்த எக்ஸ்டென்ஷன் ஒயர்.

● ஒயர் சூடாவது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. கரண்ட் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இதை 1840-களின் தொடக்கத்தில் அளந்து சொன்னவர் ஜேம்ஸ் ஜூல். இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரில் பீர் வடிக்கும் குடும்பத்துப் பிள்ளை.

● ஒயர் சூடாவதைவிட ஆபத்தானது லூஸ் காண்டாக்ட். பிளக் முள்ளும் சாக்கெட்டும் சரியாகக் கவ்வாமல் அங்கே அரை ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் ஓடினால் அந்தப் புள்ளியில் 10 × 10 × 0.5, அதாவது 50 வாட் வெப்பம். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் வெறும் 25 வாட்! அப்படி இரண்டு அயர்ன்களை சாக்கெட்டுக்குள் வைத்து மூடிய சூடு அது. கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் எம்.சி.பி. இதில் விழாது. ஏனென்றால் ஓடும் கரண்ட் அதே 10 ஆம்பியர்தான், கூடவே இல்லை. சாக்கெட் பழுப்பேறினாலோ, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ அன்றைக்கே மாற்றிவிடுங்கள். தோல், துணி, பழைய பிளாஸ்டிக் எல்லாம் ஒரே சந்தில் குவிந்திருக்கும் இடத்தில் ஒரு சாக்கெட்டின் விலையைக் கணக்குப் பார்க்கக்கூடாது.

● கிட்கேட் ஃபியூஸில் இருக்கும் மெல்லிய கம்பி, உருகுவதற்கென்றே போடப்பட்ட தடை. அது அடிக்கடி போகிறதே என்று ஒயரிலிருந்து நாலு இழை செம்பை உருவிக் கட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. அப்புறம் உருக வேண்டிய முறை சுவருக்குள் ஓடும் ஒயருக்கு வரும்.

● வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றுக்கும் உள்ள உறவைச் சொன்ன கியோர்க் சைமன் ஓம் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1825-ல் முதலில் வேதியியல் மின்கலத்தை வைத்துச் சோதித்தார். அதன் மின்னழுத்தம், அதாவது வோல்ட், நிமிடத்துக்கு நிமிடம் மாறியதால் கணக்கு ஒத்துவரவில்லை. போகன்டார்ஃப் என்ற அறிஞர் சொன்ன யோசனைப்படி செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். அழுத்தம் ஆடாமல் நின்றது. நீளம் வேறு வேறான கம்பிகளை மாற்றி மாற்றிப் போட்டதும் விதி தெளிவாகிவிட்டது. 1827-ல் புத்தகமாக எழுதினார். சொந்த நாட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் தந்த பிறகுதான் மதிப்பு வந்தது. அந்த பிஸ்மத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மும்பைக்கு வரப்போகிறது.

● ஓமுக்கு ஏறக்குறைய 45 ஆண்டுகள் முன்பே, 1781-ல், ஹென்றி கேவண்டிஷ் இதே விதியைக் கண்டுவிட்டார். அவரிடம் மீட்டர் கிடையாது. உப்புநீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் வழியாக மின்சாரத்தைத் தன் உடம்பிலேயே வாங்கி, எந்த அதிர்ச்சி எவ்வளவு பலம் என்று ஒப்பிட்டுக் குறித்துவைத்தார். வெளியிடாமலே போனார். அந்தக் குறிப்புகளை 1879-ல் அச்சேற்றியவர் மாக்ஸ்வெல்.

● வாட் என்ற அலகுக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் வாட் மின்சாரத்தோடு சம்பந்தப்பட்டவரே இல்லை, நீராவி எஞ்சின்காரர். 1882-ல் வில்லியம் சீமென்ஸ் அந்தப் பெயரை முன்மொழிந்தார். மோட்டாரில் போட்டிருக்கும் எச்.பி. மட்டும் வாட் காலத்துக் குதிரையாகவே நிலைத்துவிட்டது. ஒரு எச்.பி. 746 வாட்.

● அதே 1882-ல்தான் பம்பாயின் கிராஃபோர்டு மார்க்கெட்டில் மின்விளக்கு எரிந்தது. ஏற்றிய கம்பெனி மறு ஆண்டே நொடித்துப்போக, மார்க்கெட் மறுபடி கேஸ் விளக்குக்குத் திரும்பியது. பம்பாய் எலக்ட்ரிக் சப்ளை அண்ட் டிராம்வேஸ் கம்பெனி வந்தது 1905-ல். 1907 மே 7-ல் முதல் மின்சார டிராம் ஓடியது. 1947 ஆகஸ்ட் 7-ல் மாநகராட்சி அதை எடுத்துக்கொண்டது. அதுதான் இன்றைய பெஸ்ட். இன்று தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் கரண்ட் பில் பெஸ்ட்டிலிருந்து வரும். செம்பூரில் அதானியிடமிருந்தோ டாடாவிடமிருந்தோ.

● செம்பூர்க்காரர்கள் தினமும் ஏறும் ஹார்பர் லைன்தான் இந்தியாவின் முதல் மின்ரயில் பாதை. 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு முதல் வண்டி ஓடியது, 1500 வோல்ட் டி.சி.யில். ஆறு ஆண்டுகள் கழித்து 1931-ல் சென்னை கடற்கரை–தாம்பரம் பாதைக்கும் அதே 1500 வோல்ட்தான் வந்தது.

மும்பையில் அந்த 1500 வோல்ட் ஏறக்குறைய 90 ஆண்டுகள் நீடித்தது. பிறகு 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாற்றினார்கள். 2012-ல் வெஸ்டர்ன், 2015-ல் சென்ட்ரல் மெயின், கடைசியாக 2016 ஏப்ரலில் ஹார்பர். ஏன் இவ்வளவு பாடு? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வண்டி கிளம்பி வேகமெடுக்க 30 லட்சம் வாட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1500-ஆல் வகுத்தால் 2000 ஆம்பியர். 25,000-ஆல் வகுத்தால் 120 ஆம்பியர்தான். கரண்ட் ஏறக்குறைய 17-ல் ஒரு பங்காகிவிட்டது. ஒயரில் வீணாகும் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? ஒரே தடையுள்ள ஒயராக இருந்தால் நஷ்டம் ஏறக்குறைய 278-ல் ஒரு பங்கு. அதனால்தான் டி.சி. காலத்தில் சில கிலோமீட்டருக்கு ஒன்றாக இருந்த சப்ஸ்டேஷன்களின் தேவை குறைந்தது, தலைக்கு மேலே ஓடும் செம்பும் மெலிந்தது. மூன்று தலைமுறை மும்பைவாசிகள் பயணம் செய்த பாதை முழுக்க, பயணத்தை நிறுத்தாமல், ராத்திரி ராத்திரியாக வேலை பார்த்து மாற்றிய பொறியாளர்களுக்கு இந்த நகரம் போதுமான நன்றி சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

● இதே காரணத்துக்காகத்தான் 1915-ல் டாடாக்கள் கோபோலி நீர்மின் நிலையத்திலிருந்து பம்பாய் மில்களுக்கு ஒரு லட்சம் வோல்ட்டில் மின்சாரம் அனுப்பினார்கள். தூரம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர்.

● விடிவதற்கு வெகுமுன்பே தாராவியின் தமிழ்ச் சந்துகளில் கிரைண்டர் சத்தம் கேட்கும். மும்பைத் தெருக்களில் ஹாரன் அடித்துக்கொண்டு சைக்கிளில் வரும் இட்லிக்காரர்களின் மாவு அங்கே அரைபடுகிறது. அந்த கிரைண்டர் மோட்டாரிடம் நம் வகுத்தல் கணக்கைக் காட்டினால் குழப்பம் வரும். அரை எச்.பி. மோட்டார் ஓடும்போது 3 ஆம்பியர் எடுக்கிறது என்றால் 230 ÷ 3, ஏறக்குறைய 77 ஓம் வர வேண்டும். பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் சில ஓம் மட்டுமே காட்டும். மீட்டரும் பொய் சொல்லவில்லை, கணக்கும் பொய்யில்லை. மோட்டார் சுற்றும்போது வருகிற அழுத்தத்தை எதிர்த்துத் தானும் ஒரு அழுத்தத்தை உண்டாக்குகிறது. கரண்டைக் கட்டுக்குள் வைப்பது அந்த எதிர்ப்பு. செம்புக் கம்பியின் தடைக்கு அதில் பங்கு கொஞ்சம்தான்.

கல் சிக்கி மோட்டார் நின்றுபோனால் என்ன ஆகும்? அந்த எதிர் அழுத்தம் போய்விடும். கரண்ட் வழக்கத்தைப்போல நான்கு, ஐந்து மடங்குக்கு ஏறும். சூடு பதினாறு, இருபத்தைந்து மடங்கு. காயில் எரிய அதிக நேரம் ஆகாது. உர்ரென்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கும் கிரைண்டரைக் கையால் தள்ளிவிட்டுப் பார்க்காமல், முதலில் ஸ்விட்சை அணையுங்கள். பல நேரம் போயிருப்பது கேபாசிட்டர்தான். காயிலோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

● மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது வாட் இல்லை. 230 × 3 = 690 வோல்ட்-ஆம்பியர். அதைப் பவர் ஃபேக்டரால் பெருக்க வேண்டும். அது 0.75 என்றால் உண்மையில் செலவாவது ஏறக்குறைய 518 வாட். வீட்டு மீட்டர் கணக்கெடுப்பதும் அந்த 518-ஐத்தான். இஸ்திரிப் பெட்டிக்கும் ராடுக்கும் பவர் ஃபேக்டர் 1, அதனால் அங்கே நேராகப் பெருக்கலாம்.

● மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடைகளில் சுவரில் ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பு மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வெளிச்சத்துக்கு இல்லை, சீரியஸ் போர்டு. ரிப்பேருக்கு வந்த சாமானை அந்த பல்போடு தொடராக இணைத்துத்தான் முதன்முதலில் கரண்ட் கொடுப்பார்கள். உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் பல்பு பளிச்சென்று முழு வெளிச்சத்தில் எரியும், ஆனால் 100 ÷ 230, அதாவது 0.43 ஆம்பியருக்கு மேல் நிலைத்து ஓடாது. ஃபியூஸ் போகாது. மங்கலாக எரிந்தால் காயில் உயிரோடு இருக்கிறது என்று பொருள். எரியவே இல்லையா, எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது. படித்த படிப்பு எதுவானாலும், இந்த போர்டை முதலில் கட்டியவர் ஓம் விதியை முழுக்கப் புரிந்தவர்.

● அதே 100 வாட் பல்பின் தடை கணக்குப்படி 529 ஓம். கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் ஏறக்குறைய 40 ஓம்தான்! டங்ஸ்டன் இழை வெண்சூடு ஏறும்போது தடை பத்து மடங்குக்கு மேல் கூடுகிறது. ஸ்விட்ச் போடும் கணத்தில் பழைய குண்டு பல்பு பட்டென்று ஃபியூஸ் ஆவதும் இதனால்தான். ஆறியிருக்கும் இழையில் முதல் பாய்ச்சல் மிகப் பெரியது.

● வோல்டேஜ் குறைந்தால் ராடு அதிகக் கரண்ட் இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1500 வாட் ராடின் தடை ஏறக்குறைய 35 ஓம், அது மாறாது. வோல்டேஜ் 200-க்கு இறங்கினால் கரண்டும் இறங்கி, திறன் 1134 வாட்டாகிவிடும். 20 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45-க்குக் கொண்டுவர 19 நிமிடத்துக்குப் பதில் 25 நிமிடம் ஆகும். யூனிட் செலவு இரண்டிலும் ஒன்றே, அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. லோ வோல்டேஜில் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடேறுவது ஃப்ரிட்ஜ், கிரைண்டர் போன்ற மோட்டார் சாமான்கள்தான்.

● இப்போது உயிர்க் கணக்கு. உலர்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம். மழையில் நனைந்து, வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கும் உடம்பின் தடை ஏறக்குறைய 1000 ஓமுக்கு இறங்கிவிடும். 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர். அதாவது 230 மில்லியாம்பியர். பத்து, பதினைந்து மில்லியாம்பியரிலேயே கை ஒயரை விட முடியாமல் இறுகிவிடும். அதற்குமேல் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து.

வீட்டு எம்.சி.பி. 16 ஆம்பியருக்கு வைத்தது. அதன் கணக்கில் 0.23 ஆம்பியர் ஒரு சின்ன ஃபேன். ஒருவர் துடித்துக்கொண்டிருந்தாலும் அது விழாது! விழ வேண்டியது ஆர்.சி.சி.பி. போன லைனும் திரும்பிய நியூட்ரலும் சமமாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு கணமும் ஒப்பிடும் கருவி அது. 30 மில்லியாம்பியர் குறைந்தால் 0.3 விநாடிக்குள் துண்டிக்கும். ஜூன் மாதம் முழங்கால் தண்ணீர் நிற்கும் சந்துகளில், தகரச் சுவரும் இரும்பு ஏணியும் ஒயரும் உரசிக்கொண்டிருக்கும் வீடுகளில், டி.வி.க்கு முன்னால் வாங்க வேண்டியது இதைத்தான். வாங்கியபின் அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

● லைன் டெஸ்டரைத் தொட்டால் ஏன் ஷாக் அடிப்பதில்லை? உள்ளே ஏறக்குறைய பத்து லட்சம் ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. கரண்ட் கால் மில்லியாம்பியரைத் தாண்டாது. நியான் விளக்கு மினுக்க அது போதும்.

● ஒயரைக் கவ்வியே கரண்டை அளக்கும் எலக்ட்ரீஷியன்களின் டாங் டெஸ்டரை, முழு ஒயரையும் சேர்த்துக் கவ்வவிட்டால் பூஜ்யம் காட்டும். போவதும் வருவதும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஒற்றை ஒயரைப் பிரித்துத்தான் கவ்வ வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கவ்வியும் ஏதாவது எண் காட்டுகிறதா? அந்த அளவு கரண்ட் வேறு வழியாகக் கசிகிறது.

● மாட்டுங்காவின் வி.ஜே.டி.ஐ. 1887-ல் விக்டோரியா ஜூபிலி டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட் என்று தொடங்கியது. 1923-ல் மாட்டுங்காவுக்கு வந்தது. 1997-ல் சிவாஜியின் தாய் ஜீஜாபாயின் பெயரைப் பெற்றது. நகரத்தின் மின்பொறியாளர்களில் பல தலைமுறையினர் வோல்ட்மீட்டரையும் அம்மீட்டரையும் முதலில் தொட்டது அங்கேதான்.

● 2025 ஆகஸ்ட் 19 மாலை. கொட்டும் மழை, ஹார்பர் லைன் நின்றுவிட்டது. கூட்டம் மொத்தமும் மோனோரயிலில் ஏறியது. செம்பூர் பக்கம் மைசூர் காலனி அருகே வண்டி நடுவழியில் அசையாமல் நின்றது. 104 டன் தாங்கும் வண்டியில் ஏறக்குறைய 109 டன் ஏறியிருந்தது. அந்தப் பாரத்தில் பவர் ரெயிலுக்கும் கரண்ட் கலெக்டருக்கும் இடையே தொடர்பு விட்டுப்போனது என்று மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையமான எம்.எம்.ஆர்.டி.ஏ. விளக்கம் தந்தது. ரெயிலில் அழுத்தம் இருந்தாலும் நடுவில் காற்று புகுந்துவிட்டால் கரண்ட் பூஜ்யம், வாட்டும் பூஜ்யம். ஏ.சி.யும் நின்று உள்ளே மூச்சு முட்டியது. தீயணைப்பு வீரர்கள் ஏணி வைத்துப் பயணிகளை இறக்கினார்கள்.

● தடை பூஜ்யமாகவே ஆகுமா? ஆகும். 1911-ல் கேமர்லிங் ஓனஸ், பாதரசத்தை ஏறக்குறைய 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்து அதைக் கண்டார். ஓம் பயன்படுத்திய அந்த பிஸ்மத்தோ ஒரு நூற்றாண்டாகப் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் மும்பை கொலாபாவிலுள்ள டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில், எஸ். ராமகிருஷ்ணன், ஏ. தமிழவேள் உள்ளிட்ட குழுவினர் தூய பிஸ்மத் படிகத்தை 0.00053 கெல்வினுக்குக் கீழே கொண்டுபோனபோது அதுவும் தடையே இல்லாத மீகடத்தியானது. 2016 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழ் அதை வெளியிட்டது. பிஸ்மத்தில் ஓடக்கூடிய எலக்ட்ரான்கள் மிகமிகக் குறைவு. வழக்கமான மீகடத்திக் கோட்பாட்டை அதற்கு அப்படியே பொருத்த முடியவில்லை. ஏன் என்ற கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

● எந்தக் கருவியும் இல்லாமல் வீட்டின் மொத்த வாட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி. மின் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு இத்தனை சிமிட்டல் என்று ஒரு எண் அச்சிட்டிருக்கும், பல மீட்டர்களில் 3200. செல்போனில் நேரம் வைத்து எண்ணுங்கள். 30 விநாடியில் 10 சிமிட்டல் என்றால், 10-ஐ 36 லட்சத்தால் பெருக்கி, 30-ஆலும் 3200-ஆலும் வகுத்தால் 375 வாட். ஃப்ரிட்ஜ் ஓடும்போது ஒருமுறை, நின்றபின் ஒருமுறை எண்ணிக் கழித்தால் ஃப்ரிட்ஜின் வாட் தனியாகக் கிடைத்துவிடும்.

பிறகு எல்லா ஸ்விட்சையும் அணைத்து, பிளக்குகளையும் உருவிவிட்டு எண்ணிப் பாருங்கள். அப்போதும் விளக்கு சிமிட்டினால் உங்கள் லைன் எங்கோ கசிகிறது, அல்லது வேறு யாரோ எடுக்கிறார்கள். மெகர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெயினை அணைத்து, 500 வோல்ட் கொடுத்து ஒயரின் காப்புத் தடையை அளப்பார். பத்து லட்சம் ஓமும் அதற்கு மேலும் காட்டினால் கவலையில்லை. சில ஆயிரத்துக்கு இறங்கியிருந்தால் அந்த லைனை இழுத்துப் போட்டுவிட்டுப் புது ஒயர் ஓட்டுங்கள்.